தாமிரக் குதிரையை வரைந்த கை

லஷ்கர் மொஹல்லா, மைசூர்
18 ஜூலை 1956

அன்புள்ள ஜேன் அக்காவுக்கு,

மோலியைப் பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்தியது நீ.

முதலில் நலம் விசாரித்துவிட்டு அப்புறம் இதை எழுதலாம் என்று இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டேன். வரவில்லை. அப்பாவுக்கு இருமல் குறையவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை. நலம் இவ்வளவுதான்.

நேற்று மோலி கொள்ளேகால் பஸ்ஸிலிருந்து தகரப் பெட்டியோடு தனியாக இறங்கி, நேராக என் லாரி ஆபீசுக்கு நடந்து வந்தாள். ஐந்தாம் பாரம் படிக்கிற பெண்ணைத் துணைக்கு ஆள்கூட இல்லாமல் அனுப்பியிருக்கிறார்கள். கையில் மாற்றுச் சான்றிதழ். அதில் ‘நடத்தை: திருப்திகரமாக இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதி மேனேஜர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். என்ன குற்றம்? அவரைச் சூனியக்காரனாகப் படம் வரைந்து ஹாஸ்டல் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தாளாம்.

அந்தப் படத்தை வரைந்தது யார் அக்கா?

மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். ‘தாமிரக் குதிரை’ படக்கதை வாராவாரம் பத்திரிகையில் வரும். பக்கங்களைக் கிழித்து வைப்பது உன் வேலை, மெத்தை ஊசியால் தைப்பது அம்மா வேலை, சின்ன மணிக்கூண்டுக் கடைக்கு ஓடி வாங்கிவருவது என் வேலை. அம்மா செத்த வாரம் யாரும் கடைக்குப் போகவில்லை. அந்த இதழில்தான் கதை முடிந்திருந்தது. “குதிரை என்னாச்சு, குதிரை என்னாச்சு” என்று ஏழு வயது மோலி சோறு தின்னாமல் அழுதாள். நீ உட்கார்ந்து, மையில் எட்டுப் பக்கம் நீயே வரைந்து, அதையும் சேர்த்துத் தைத்தாய். அதில் சூனியக்காரனுக்குக் கூர் மோவாய், காது பக்கம் நூல் கட்டிய கண்ணாடி, கையில் குடை. அப்போது நம் சபைக்குப் பாதிரியாராக இருந்தவரின் முகம். திருவிருந்தில் மண்டியிட்டிருந்த அம்மாவை எழுப்பி, “உங்க ஜனங்க கடைசியில வரணும்” என்று பின்வரிசைக்கு அனுப்பியவரின் முகம். அவர்தான் இன்று நீ டீச்சராக இருக்கிற பள்ளிக்கு மேனேஜர்.

மோலி அந்தப் புத்தகத்தை ஹாஸ்டலுக்குக் கொண்டுபோனாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

இங்கே பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை, அந்தச் சிவப்பு வரியை மாற்றி வாங்கி வந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார். மாற்றாவிட்டால் எங்கும் சேர்க்க மாட்டார்கள், படிப்பு போயிற்று. நீ மேனேஜருக்கு ஒரே ஒரு வரி எழுது. ‘அதை வரைந்தது நான்.’ போதும்.

தம்பி
வால்டர்


கொள்ளேகால்
2 ஆகஸ்ட் 1956

கர்த்தருக்குள் பிரியமான தம்பி வால்டருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் இருமலுக்கு ஆடாதோடைக் கஷாயம் கொடுக்கிறாயா? கம்பவுண்டர் வீட்டில் மருந்துக்குப் பஞ்சம் என்றால் ஊர் சிரிக்கும். இங்கே ஓயாமல் தூறல். ஹாஸ்டலில் சில பிள்ளைகளுக்கு அம்மை. எனக்கு நலந்தான்.

மோலியைப் பற்றி நீ எழுதியதை வாசித்தேன். அவளுக்குப் பிடிவாதம் அதிகம். வார்டன் கேட்டபோதே மன்னிப்புக் கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. மாயாஜாலக் கதைகளை ஹாஸ்டலில் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. எல்லாப் பிள்ளைகளிடம் இருந்ததையும் வாங்கி வெந்நீர் அடுப்பில் போட்டார்கள். நம்முடையது மட்டும் மேனேஜர் ஐயாவின் அலமாரியில் இருக்கிறது.

நேரம் பார்த்துப் பேசுகிறேன். நீ அவசரப்படாதே. தயவுசெய்து கடிதங்களில் கோபத்தைக் குறைத்துக்கொள்.

கிறிஸ்துமஸ் நாடகத்துக்குத் திரை வரைய இந்த வருடம் வேறு டீச்சரை வைத்திருக்கிறார்கள். எனக்கும் ஓய்வுதான்.

மோலி வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா? தலைக்கு எண்ணெய் வைத்துவிடு.

அன்புள்ள அக்கா
ஜேன்


மைசூர்
9 ஆகஸ்ட் 1956

அக்காவுக்கு,

சாப்பிடுகிறாள். எண்ணெயும் வைக்கிறாள். அப்பா கஷாயத்தைக் குடித்துவிட்டு இருமுகிறார்.

நீ எழுதாமல் விட்டதை மோலி நேற்றுச் சொன்னாள். அவளாகச் சொல்லவில்லை. நான் துருவித் துருவிக் கேட்டேன்.

பன்னிரண்டு டீச்சர்களை உட்கார வைத்து, மேனேஜர் அவளைக் கரும்பலகை முன்னால் நிறுத்தினாராம். “நீதான் வரஞ்சேன்னு ஒத்துக்கிட்டியே. எங்க, அந்தக் குதிரைய இங்க வரை பாப்போம்” என்றாராம். அவள் வரைந்தாளாம். மோலிக்கு ஒரு கோடு நேராகப் போடத் தெரியாது, உலகத்துக்கே தெரியும். வந்தது ஆடா, பெஞ்சா என்று தெரியவில்லையாம். ஒரு டீச்சர் சிரித்துவிட்டாராம். மேனேஜர், “வேணும்னே கோணலா வரையுறா. கள்ளி” என்றாராம்.

அக்கா, அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் ஐந்து வருடமாக நீ வரைந்த நாடகத் திரைகளைப் பார்த்தவர்கள். கழுதையையும் ஒட்டகத்தையும் மூச்சு விடுவதுபோல வரைகிறவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாய். அந்த மனிதருக்கு உண்மை வேண்டியதில்லை. அடங்கிப் போக ஒரு டீச்சர் வேண்டும், அடிக்க ஒரு பிள்ளை வேண்டும். இரண்டும் ஒரே வீட்டிலிருந்து கிடைத்துவிட்டது.

இன்னொன்று. மாயாஜாலக் கதை பிள்ளைகளைக் கெடுக்கிறதாம். பெங்களூரிலிருந்து மேனேஜர் வீட்டுப் பையன்களுக்கு மாதாமாதம் இங்கிலீஷ் காமிக்ஸ் பார்சல் போகிறது. எங்கள் ஆபீஸ் வழியாகத்தான் போகிறது, நான்தான் ரசீது போடுகிறேன். அதிலும் ஆகாயத்தில் பறக்கிறார்கள், இடுப்பில் பட்டையோடு. அது அறிவு வளர்ப்பது. நம்முடையது பைத்தியம்.

நான் வெட்கப்படாமல் ஆபீசிலேயே படக்கதை வாசிக்கிறேன். நஞ்சுண்டசாமி என்று ஒரு லோடு மேஸ்திரி. தமிழ் படிக்கத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஏனப்பா வால்டர், ஈ வார குதுரெ எல்லிகெ ஹோயித்து?” என்பான். இந்த வாரம் குதிரை எங்கே போனது என்று நான் கன்னடத்தில் சொல்ல வேண்டும். புத்தகம் இல்லாமலே, வாரம் ஒரு துண்டாக, அந்தப் பழைய தாமிரக் குதிரையையே நினைவிலிருந்து மூன்றாம் தடவையாகச் சொல்லவைக்கிறான். நாள் முழுக்க முதுகில் மூட்டை சுமக்கிறவனுக்குப் பறக்கிற குதிரை எதற்கு என்று அந்த மேனேஜருக்கு எப்படிப் புரியும்?

உனக்குப் புரியும். அதனால்தான் கேட்கிறேன். அந்த வரியை எழுதிவிட்டாயா?

வால்டர்


கொள்ளேகால்
5 செப்டம்பர் 1956

பிரியமான தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அப்பாவுக்கு என் ஸ்தோத்திரம் சொல்.

நவம்பர் முதல் தேதி கொள்ளேகால் மைசூர் ராஜ்யத்தோடு சேர்கிறது. தமிழ் வகுப்புகள் என்னவாகும், யார் வேலையில் இருப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. டீச்சர்கள் எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள்.

ஒரு செய்தி. மேனேஜர் ஐயாவின் அக்கா மகன் அமலதாஸுக்கு என்னைக் கேட்கிறார்கள். பள்ளி ஆபீசில் கிளார்க். ஐயாவே முன்னின்று பேசினார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்குத் தனியாக எழுதுகிறார்.

நீ அன்று அந்த அறையில் இல்லை, வால்டர்.

மோலிக்குப் பாவாடைத் துணி ஒன்று பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நீலம். அவளுக்குப் பிடிக்கும்.

ஜேன்


மைசூர்
20 செப்டம்பர் 1956

அன்புள்ள அக்காவுக்கு மோலி எழுதுவது,

நான் சௌக்கியம். நீ சௌக்கியமா? துணி வந்தது. நீலம் எனக்குப் பிடிக்கும், ஆனால் இப்போது கட்ட முடியாது. பக்கத்து வீட்டு நஞ்சம்மாவோடு சேர்ந்து ஊதுபத்தி உருட்டுகிறேன். கரிப்பொடி கை, கழுத்து, மூக்கு எல்லாம் ஏறிவிடுகிறது. சோற்றில்கூட மல்லிகை வாசனை. நஞ்சம்மா, “நின்ன மூஞ்சி நோடு, கரடி மரி” என்று சிரிக்கிறாள். கரடிக் குட்டியாம். நான் கரி விரலால் அவள் கன்னத்தில் மீசை போட்டேன். அதுகூடக் கோணல்.

அண்ணன் உனக்கு என்னென்ன எழுதுகிறான் என்று எனக்குத் தெரியாது. உன்னைத் திட்டும்போது நான் எழுந்து போய்விடுவேன். யார் வரைந்தது என்று வார்டன் கேட்டதும் “நான்தான்” என்று சொன்னது நான். உன்னைப் பார்த்தேன், உன் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. வாயில் வந்துவிட்டது.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். கடைசி அத்தியாயத்தை நீ வரைந்தாயாமே. எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மேனேஜர் ஐயா அந்த எட்டுப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து, “இது அச்சு இல்ல, கையால போட்டது” என்றபோது அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்ததும்தான் புரிந்தது. கதை முடிகிறது, அதனால் நல்ல தடித் தாளில் போட்டிருக்கிறார்கள் என்று ஏழு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் புத்தகத்திலேயே அதுதான் ஒசத்தியான அத்தியாயம். ரேடியோ நாடகத்தில் வருகிற மூக்கால் பேசும் மாமா குரலில் நீ சூனியக்காரனைப் பேசுவாயே, அதே குரலில்தான் நானும் ஹாஸ்டலில் பேசிக் காட்டினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பேன், எங்க அக்கா வரைந்தது என்று.

நீ சாக்பீஸைப் பாதியாக ஒடித்துக் கொடுத்தாய். கீச்சென்று சத்தம் வரக் கூடாது என்றுதானே? உன் விரல் சில்லென்று இருந்தது.

பதில் போடு.

மோலி


மைசூர்
17 அக்டோபர் 1956

அக்காவுக்கு,

மோலி எழுதி ஒரு மாதமாகப் போகிறது. தினமும் தபால்காரரைக் கேட்கிறாள். பதில் இல்லை.

தசராக் கூட்டம் ஊருக்குள் வர, நான் ஊரை விட்டு எதிர்ப்பக்கம் போனேன். கொள்ளேகாலில் இறங்கி உன்னைக் கேட்டேன். “டீச்சருக்குக் காய்ச்சல், யாரையும் பாக்க மாட்டாங்க” என்று வார்டன் வாசலிலேயே நிறுத்திவிட்டார். மாடியில் ஜன்னல் கதவு சாத்திக்கொண்டதைப் பார்த்தேன். காய்ச்சல்காரிக்கு நல்ல பலம்.

மேனேஜரைப் பார்த்தேன். நான் கத்துவேன், அவரும் கத்துவார் என்று நினைத்துப் போனேன். அவர் நாற்காலி போடச் சொன்னார்.

“உக்காரு தம்பி. அப்பா எப்படி இருக்காரு? இன்னும் அதே ஆஸ்பத்திரிதானா? நல்ல மனுஷன்.”

“சர்டிபிகேட்டுல இருக்கிற அந்த வரியை மாத்தித் தரணும்” என்றேன்.

“தாராளமா. அந்தப் பிள்ள வரையலேன்னா வேற யாரோ வரஞ்சிருக்கணும். அந்த யாரோ ஒரு வரி எழுதிக் கொடுக்கட்டும். இன்னைக்கே மாத்தித் தரேன்.”

“யாருன்னு உங்களுக்குத் தெரியும்.”

“எனக்குத் தெரிஞ்சு என்ன தம்பி? எழுத்துல வேணுமே.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போது தங்க விளிம்பு. “திருவிருந்து விஷயத்த எல்லாம் இன்னும் மனசுல வச்சிருக்கீங்க போல. சின்னக் குடும்பத்துக்கு அவ்வளவு ஞாபகம் ஆகாது. இப்ப நாம சம்பந்திங்க.”

மேசையைக் கவிழ்க்காமல் எப்படி எழுந்து வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அலமாரிக் கண்ணாடிக்குள் நம் புத்தகம் தெரிந்தது. அம்மாவின் சிவப்பு நூல் தெரிந்தது.

பதினேழு வயதில் அந்த முகத்துக்குச் சூனியக்காரன் தொப்பி போட்டாய். இருபத்து நாலு வயதில் அதே குடைக்குள் போய் நிற்கிறாய். எப்படி முடிகிறது? ஒரு வரி அக்கா. அவரே கேட்கிறார்.

வால்டர்


3 நவம்பர் 1956

வால்டர்,

இதைத் தபாலில் போடவில்லை. கண்டக்டர் மாதப்பனிடம் கொடுத்திருக்கிறேன். வாசித்ததும் கிழித்துவிடு.

ஹாஸ்டலில் குடியிருக்கிற டீச்சர்களுக்கு வருகிற கடிதமெல்லாம் ஆபீசுக்குத்தான் போகும். அங்கே பிரித்து வாசித்த பிறகுதான் எங்களுக்குத் தருவார்கள். நாங்கள் எழுதுவதும் அவர்கள் பைக்குள்தான். உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். கோபத்தைக் குறைத்து எழுது என்று அதற்குத்தான் சொன்னேன்.

உன் ஜூலைக் கடிதம் எனக்குக் கிடைத்தபோது கவர் புதிதாக ஒட்டியிருந்தது. பசை ஈரமாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் ஐயா அமலதாஸைப் பற்றிப் பேசினார். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்பாவைப் பார்த்துக்கொள். மோலியின் கடிதம் என்னிடம் வரவில்லை. என்ன எழுதியிருந்தாள்?

ஜே.


மைசூர்
10 நவம்பர் 1956

அக்காவுக்கு,

இதை மாதப்பன் கையில் கொடுக்கிறேன். அவன் “ஏனுங்க, நம்மள தபால் இலாகாவாக்கிப் போட்டீங்களே” என்று அலுத்துக்கொண்டே சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

ஆக, ஜூலையிலேயே அவருக்கு எழுத்தில் கிடைத்துவிட்டது. என் எழுத்தில். யார் வரைந்தது, யார் முகம், எதற்காக, எல்லாவற்றையும் நானே வரிசையாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். திருவிருந்து பற்றி அவர் பேசியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அதை வைத்துத்தான் உன்னைத் தன் அக்கா மகனுக்குப் பேசினார். உன்னை விரட்டிவிட்டால் அவருக்கு என்ன லாபம்? வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் வாய் திறக்க மாட்டாய். நான் கத்தினேன், கயிறு உன் கழுத்தில் விழுந்தது. இதை எழுதவே கை கூசுகிறது.

ஆனால் அக்கா, இதனால் நான் கேட்டது மாறிவிடவில்லை. அவரிடம் இருப்பது என் எழுத்து. உன் எழுத்தாக எழுதிக் கொடுத்தால் அவர் கையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. வேலை போகும். போகட்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாதப்பன் பஸ்ஸில் ஏறு. இங்கே மூன்று பேர் தின்னும் கூழை நான்கு பேர் தின்போம். தலைமையாசிரியை மோலிக்காக ஜனவரி முதல் திங்கட்கிழமை வரை இடம் வைத்திருக்கிறார். அதற்கு மேல் முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மோலி எழுதினாள். நீளமாக எழுதினாள். அது இப்போது எந்த மேசையில் கிடக்கிறதோ. கடைசி அத்தியாயத்தை ஏன் உன்னுடையது என்று தன்னிடம் சொல்லவில்லை என்று அதில் கேட்டிருந்தாள்.

இன்னொன்று கேட்கிறேன், இதற்காவது நேராகப் பதில் சொல். உனக்கு அந்த அமலதாஸைப் பிடித்திருக்கிறதா?

வால்டர்


கொள்ளேகால்
18 டிசம்பர் 1956

அப்பா, வால்டர், மோலி மூவருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள். ஜனவரி 16 புதன்கிழமை காலை விவாகம். ஆபீசிலிருந்து பத்திரிகை அனுப்புவார்கள். இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். இங்கே குளிர் அதிகம். அப்பாவுக்குக் கம்பளிச் சால்வை கொண்டுவரவும்.

ஜேன்


மைசூர்
29 டிசம்பர் 1956

அக்காவுக்கும், இதை முதலில் வாசிக்கிற மேனேஜர் ஐயாவுக்கும்,

இந்தத் தடவை வேண்டுமென்றேதான் தபாலில் போடுகிறேன். ஐயா, தங்க விளிம்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசியுங்கள். முடித்ததும் பசையைக் கொஞ்சம் தாராளமாகத் தடவி அக்காவிடம் சேர்த்துவிடுங்கள்.

அக்கா, கார்டு வந்தது. கடையில் வாங்கின கார்டு. மணியும் இலையும் மினுமினுப்பும். பிறந்தது முதல் எந்தக் கிறிஸ்துமஸுக்கும் இந்த வீட்டுக்குக் கடைக் கார்டு வந்ததில்லை. போன வருடம் ஒட்டகத்தின் மேல் அப்பாவை உட்கார வைத்து, கையில் மருந்துக் குப்பியோடு வரைந்திருந்தாய். மோலி இந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் எங்காவது ஒரு மூலையில் பென்சில் கோடாவது இருக்கும் என்று தேடினாள். பிறகு அதை அடுப்பங்கரை ஜன்னல் இடுக்கில் காற்று வராமல் செருகிவிட்டாள்.

அமலதாஸைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் இல்லை. வரியைப் பற்றிக் கேட்டதற்கும் இல்லை. அப்பா கல்யாணத்துக்கு வருவார். அவர் யார் எழுந்திரு என்றாலும் எழுந்துவிடுகிற மனிதர். நான் வர மாட்டேன்.

திங்கட்கிழமை, 7ஆம் தேதி. அதுவரைக்கும் காத்திருப்பேன்.

வால்டர்


மைசூர்
5 ஜனவரி 1957

அக்கா,

மாதப்பன் கையில் இதைக் கொடுக்கிறேன். அண்ணனுக்குத் தெரியாது.

நீ சௌக்கியமா என்று கேட்கவில்லை. எனக்குக் கோபம். முதலில் இல்லை, இப்போது இருக்கிறது. நான் “நான்தான்” என்று சொன்னது ஒரு நாளைக்கு. நீ அதை ஆறு மாதமாக நிஜமாக்கிக்கொண்டிருக்கிறாய். நஞ்சம்மா நேற்று, “ஒந்து குதுரெ பரெதுகொடு, சுவத்துல ஒட்டிக்கறேன்” என்றாள். நீதானே குதிரை வரைந்து பள்ளிக்கூடத்தைத் தொலைத்தவள், ஒன்று வரைந்து கொடு, சுவரில் ஒட்டிக்கொள்கிறேன் என்கிறாள். எனக்கு வரையத் தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை. மேனேஜர் ஐயா மாதிரியே சிரித்தாள்.

நாளன்றைக்கு அந்த இடம் போய்விடும். போனால் நான் ஊதுபத்திக்காரிதான். பரவாயில்லை என்று உனக்கு எழுத மாட்டேன். பரவாயில்லை என்றால் நீ தூங்கிவிடுவாய்.

புத்தகம் ஐயா அலமாரியில் இருக்கிறது. குதிரை உன் கையில்தான் இருக்கிறது. அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் நீ எனக்குச் சாக்பீஸ் கொடுத்தாய். இந்தக் கவருக்குள் ஒரு பென்சில் வைத்திருக்கிறேன். அரைப் பென்சில், சீவி வைத்திருக்கிறேன். தாளும் இருக்கிறது.

குதிரையை வரை. கீழே உன் பெயரை எழுது. திங்கட்கிழமை தலைமையாசிரியையிடம் நானே கொண்டுபோய்க் காட்டுகிறேன். மாதப்பன் பஸ் நாளைக் காலையில் திரும்புகிறது. அது கிளம்பும்வரை அவன் வாசலில் நிற்பான்.

வரை அக்கா.

மோலி